விசில் யார் கழுத்தில் தொங்குகிறது?

2025 மார்ச் மாதம். தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் அறுவடை ஆகிற காலம். ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் பதினோராம் வகுப்பு படிக்கிற தலித் மாணவன் ஒருவன் தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தான். வழியில் பேருந்தை மறித்து, அவனை வெளியே இழுத்துப் போட்டு வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. நெல்லை அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்து விரல்களைச் சேர்த்தார்கள். கபடிப் போட்டியில் எங்கள் பிள்ளையின் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

தொடாதே என்று விலக்கி வைக்கப்பட்ட சாதியில் பிறந்தவன், தொட்டால்தான் புள்ளி கிடைக்கும் என்கிற விளையாட்டில் ஜெயிக்கிறான். அதை இந்த ஆற்றங்கரை இன்னும் பொறுத்துக்கொள்ளப் பழகவில்லை.

அந்த வாரம் நாங்கள் போன தெருக்களில் எல்லாம் தாய்மார்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இனிமேல் பிள்ளையை விளையாட அனுப்பலாமா, வேண்டாமா? நாங்கள் அதற்குப் பதில் வைத்திருந்தோம். ஆனால் எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வருகிற ஒரு பையன் வேறொன்று கேட்டான். "அண்ணே, ஆடுற நம்மாளுக நெறைய இருக்காவ. கோச்சா யாராச்சும் இருக்காவளா?"

அதற்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆட்டக்காரர்களைச் சொல்லலாம். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே மணத்தி கிராமத்திலிருந்து புறப்பட்ட கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார், அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவித்தான் மாரி செல்வராஜ் 'பைசன் காளமாடன்' எடுத்தார். கோச் என்று கேட்டால்தான் நாக்கு தடுக்கிறது. அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். தேடல் எங்களைப் பனி உறைந்த கனடாவரை கூட்டிக்கொண்டு போய், புதுக்கோட்டைச் செங்கல் சூளையில் கொண்டுவந்து நிறுத்தியது.

முதலில், ஆடுகிறவனுக்கும் ஆட்டுவிக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்? உடம்பு பலத்தைக் காட்டி ஒருவன் களத்துக்குள் வந்துவிடலாம். அவன் அடித்தால் ஊர் ஜெயிக்கும் என்றால், சாதியை ஒரு மணி நேரம் கொடியில் காயப் போட்டுவிட்டு ஊரும் கை தட்டும். கோச் விஷயம் அப்படியில்லை. யார் ஆடுவது, யார் ஓரத்தில் உட்காருவது என்று சொல்கிறவர் கோச். மாவட்ட அணித் தேர்வுக்கு யாருடைய பெயரை அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் அவர். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, அந்த வாசலுக்குப் போகிற பாதையில் முதல் கையெழுத்தும் அவருடையதுதான். எல்லாவற்றையும் விட முக்கியமானது, அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்க வேண்டும். விசில் ஊதினால் ஓட வேண்டும், ஊதினால் நிற்க வேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் நடந்தது. பல வருடம் கபடி ஆடி முழங்கால் போன ஒருவர், எங்கள் தெருக்காரர், அறுப்பு முடிந்த வயலில் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். ஊர்த் தெருப் பையன்களும் வந்தார்கள். நாலு நாள் நன்றாக நடந்தது. ஐந்தாம் நாள் அவர் ஒரு பையனைப் பிந்தி வந்ததற்காக இரண்டு சுற்று ஓடச் சொன்னார். அன்று சாயங்காலமே ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். இவர் சேர்ந்து ஆடியவரைக்கும் அங்கே யாருக்கும் எந்தச் சிக்கலும் இல்லை. இவர் விசில் ஊதியபோதுதான் சாதி எழுந்து நின்றது.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கதை அல்ல, நேற்று தொடங்கிய கதையும் அல்ல. பல்வங்கர் பாலூவை நினைத்துப் பாருங்கள். சமார் சாதியில் பிறந்தவர். புனாவில் வெள்ளையர் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு ஆடுதளம் பராமரிக்கும் வேலை பார்த்தவர். வெள்ளைக்கார மட்டையாளர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து போட்டுப் போட்டே இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். இந்துக்கள் கிளப் அவரை ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, இவருக்கு வெளியே மண்குவளை. 1911-இல் இங்கிலாந்து போன அணியில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இத்தனை செய்தும் இந்துக்கள் அணிக்கு அவரை ஒரு முறைகூடத் தலைவர் ஆக்கவில்லை. பந்து வீச அவர் கை வேண்டும், ஆனால் அவர் சொன்ன இடத்தில் பிராமணப் பிள்ளை போய் நிற்க வேண்டும் என்றால் மட்டும் மனம் வரவில்லை. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1923-இல் அவருடைய தம்பி விட்டல்தான் தலைவர் ஆனார்.

இனி கனடாவுக்குப் போவோம். ஹாக்கி என்றால் நம்மவர்களுக்குக் கோவில்பட்டிதான் ஞாபகம் வரும். 1986-இல் மாவட்டம் பிரிகிறவரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். தீப்பெட்டித் தொழில் ஊரான அங்கே பிள்ளைகள் மட்டையோடு வளர்ந்தார்கள், அங்கிருந்து மாரீஸ்வரன் இந்திய அணிவரை போனார். கனடாவில் ஹாக்கி என்றால் அது பனி ஹாக்கி. உறைந்த தரையில் காலில் கத்தி போன்ற சறுக்குக் காலணி கட்டிக்கொண்டு, பந்துக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் வில்லை ஒன்றை மட்டையால் அடிப்பார்கள். பக்கத்துக்கு 6 பேர், 20 நிமிடமாக மூன்று பகுதி. நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படி அவர்களுக்கு அது. என்.எச்.எல். என்று சொல்லப்படும் தேசிய ஹாக்கி லீக் 1917-இல் தொடங்கியது. அதில் ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆவது லட்சத்தில் ஒருவருக்குக் கிடைக்கிற இடம்.

அந்த இடத்துக்கு வந்த ஒரு பூர்வகுடி மனிதர் டெட் நோலன். 1958-இல் ஒன்டாரியோ மாகாணத்தில் கார்டன் ரிவர் என்கிற குடியிருப்பில் பிறந்தார். ஒஜிப்வே மக்களைச் சேர்ந்தவர். கொலம்பஸ் வழி தவறிப் போய் வைத்த பெயரால் அவர்களையும் 'இந்தியர்' என்றுதான் அழைத்தார்கள். 1876-இல் கனடா போட்ட சட்டத்துக்குப் பெயரே இந்தியர் சட்டம். அந்த மண்ணின் சொந்தக்காரர்களை 'ரிசர்வ்' என்று ஒதுக்கப்பட்ட நிலத்துண்டுகளுக்குள் அடைத்தார்கள். அவர்கள் பிள்ளைகளில் 1,50,000 பேருக்கு மேல் விடுதிப் பள்ளிகளில் போட்டு, தாய்மொழியைப் பேசினால் அடித்தார்கள். அது ஒரு பண்பாட்டு இனப்படுகொலை என்று 2015-இல் அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே எழுதியது. நம்முடைய சேரியும் அவர்களுடைய ரிசர்வும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டின் வரலாறும் வேறு. ஊருக்கு வெளியே ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப்பக்கம் பிறந்தவனுக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைக்கிற புத்தி மட்டும் ஒன்று.

12 பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவர் நோலன். வீட்டில் மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. பனிக்காலத்தில் கைப்பம்பிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து கொல்லையில் ஊற்றி, அது உறைந்த பிறகு அதன்மேல் ஆடிப் பழகினார். அறுத்த வயலைக் காலால் மிதித்துச் சமன் செய்து கோடு கிழிக்கிற நம் பையன்களுக்கு இது புரியும். பதின்ம வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். 16 வயதில் விளையாட்டுக்காக வெளியூர் போனபோது, இந்தியன் என்று சொல்லி அடித்த சக வீரர்களோடுதான் தினமும் ஆட வேண்டியிருந்தது. ஆடினார். டெட்ராய்ட், பிட்ஸ்பர்க் அணிகளுக்காக என்.எச்.எல்.-இல் 78 ஆட்டம் ஆடிய நிலையில் முதுகில் அடிபட்டு ஆட்டக்காரர் வாழ்க்கை முடிந்தது.

பெரும்பாலான நம் பிள்ளைகளின் கதை இந்த இடத்தோடு முடிந்துவிடும். முழங்கால் போனால் கூலி வேலை, தோள் போனால் வாட்ச்மேன் வேலை. நோலனுக்குத் தன் ஊருக்குப் பக்கத்து நகரமான சூ செயின்ட் மரியில் இளையோர் அணி ஒன்றில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. கிரேஹவுண்ட்ஸ் என்று அந்த அணிக்குப் பெயர். கனடா இளையோர் ஹாக்கியின் உச்சப் போட்டி மெமோரியல் கோப்பை. 1991, 1992, 1993 என்று தொடர்ந்து மூன்று வருடம் அணியை அங்கே கொண்டுபோனார். மூன்றாவது முறை கோப்பையையும் வென்றார்.

1995-இல் என்.எச்.எல்.-இல் பஃபலோ சேபர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பெரிய நட்சத்திரக் கூட்டம் உள்ள அணி அல்ல. 'லீக்கிலேயே கடினமாக உழைக்கிற அணி' என்று பேரெடுத்த கூட்டம். 1996-97 பருவத்தில் அந்த அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அந்த வருடத்தின் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருது நோலனுக்குக் கிடைத்தது. அப்போது வயது 39. அந்த விருதுக்கு வாக்களிப்பவர்கள் ஆட்டத்தை நேரடியாக வர்ணிக்கிற ஒலிபரப்பாளர்கள். வருடம் முழுக்க ஆட்டம் பார்த்தவர்கள் இவர்தான் முதல்வர் என்று சொன்னார்கள்.

விருது வாங்கிய அதே கோடையில் அணி நிர்வாகம் அவரிடம் நீட்டியது ஒரே ஒரு வருட ஒப்பந்தம். நாட்டின் சிறந்த பயிற்சியாளர் என்று பேர் வாங்கியவருக்கு அடுத்த வருடத்துக்கு மேல் உத்தரவாதம் இல்லை. அதை அவமானமாக எடுத்துக்கொண்டு மறுத்துவிட்டார். வேலை போயிற்று.

இதில் எல்லாமே இனவெறி என்று எழுதிவிட்டுப் போனால் எங்களுக்கு எளிது. ஆனால் நேர்மை அல்ல. அணியின் பொது மேலாளருக்கும் அவருக்கும் அந்த வருடம் முழுக்கச் சண்டை. மேலாளரையும் நிர்வாகம் நீக்கியது. அணியின் நட்சத்திர கோல்கீப்பர் டொமினிக் ஹாசெக்குக்கும் நோலனைப் பிடிக்காது, அதை வெளிப்படையாகவே சொன்னார். பதவிச் சண்டையில் வேலை போவது எந்தப் பயிற்சியாளருக்கும் நடக்கும். ஆனால் திறமையான ஒருவர் ஓர் அணியில் வேலை இழந்தால், ஒன்றிரண்டு பருவத்தில் வேறோர் அணியில் அமர்வதுதான் அந்த லீக்கில் வழக்கம். நோலனுக்குத் தொடக்கத்தில் ஒன்றிரண்டு வாய்ப்புகள் வந்ததாகவும் அவர் ஏற்கவில்லை என்றும் சொல்வார்கள். பிறகு அழைப்பே வரவில்லை. 1997 முதல் 2006 வரை, சிறந்த பயிற்சியாளர் விருதை அலமாரியில் வைத்திருந்த மனிதருக்கு அந்த லீக்கில் ஓர் அணியும் இல்லை.

அந்த வருடங்களில் அவரைப் பற்றி ஒரு பேச்சு சுற்றியது. குடிகாரர், பயிற்சிக்குக் குடித்துவிட்டு வருவார் என்று. நோலனே பின்னாளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். பூர்வகுடி என்றால் குடிகாரன் என்கிற அந்த ஊர்ப் புத்தி அவர்மேலும் ஒட்டிக்கொண்டது. அவருடைய அம்மா ரோஸ் 1981-இல் இறந்தார். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவர் மோதிய விபத்தில் இறந்தார். அந்த அம்மாவின் மகனைத்தான் குடிகாரர் என்றார்கள். சேரிக்காரன் சம்பளம் வாங்கினால் குடித்துத்தான் அழிப்பான் என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்களும் இப்படித்தான். ஆதாரம் கேட்கவே தோன்றாத அளவுக்கு அந்தப் பேச்சு அவர்களுக்கு இயல்பானது.

2005-இல் நோலன் இளையோர் ஹாக்கிக்கே திரும்பி மாங்டன் வைல்ட்கேட்ஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். ஒரு வெளியூர் ஆட்டத்தில் கூட்டம் அவரைப் பார்த்துப் பூர்வகுடிகளைக் கேலி செய்யும் கூச்சல் போட்டது, சைகை காட்டியது. விருது பெற்று எட்டு வருடம் கழித்தும் அந்தக் கூட்டத்துக்கு அவர் வெறும் இந்தியன்தான். அந்தப் பருவத்தில் அவருடைய அணி கியூபெக் லீக் பட்டத்தை வென்றது. அதற்குப் பிறகுதான் 2006-இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி கூப்பிட்டது. முதல் வருடமே அணியை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனார். 2008-இல் அங்கேயும் நீக்கப்பட்டார்.

பிறகு லாட்வியா. மொத்தம் 20 லட்சம் பேர் உள்ள நாடு. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த நாட்டு அணிக்கு நோலன் பயிற்சியாளர். சுவிட்சர்லாந்தைத் தோற்கடித்துக் காலிறுதிக்கு வந்தார்கள். எதிரே நோலன் பிறந்த கனடா. உலகத்தின் விலை உயர்ந்த வீரர்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம். லாட்வியாவின் கோல்கீப்பர் குட்லெவ்ஸ்கிஸ் 55 அடிகளைத் தடுத்தார். கடைசிப் பகுதியில் வெகுநேரம்வரை 1-1. கடைசியில் 2-1 என்று கனடா தப்பித்தது, பிறகு தங்கமும் வாங்கியது. பஃபலோ அணி 2013-இல் அவரைத் திரும்பக் கூப்பிட்டு 2015-இல் மறுபடியும் அனுப்பியது.

அவர் வாழ்க்கையில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இந்த வெற்றி தோல்விக் கணக்கு அல்ல. வேலை இல்லாத வருடங்களிலும் பிறகும் அவர் ரிசர்வ்களுக்குப் போனார். அம்மா பெயரில் பூர்வகுடிப் பெண்களின் படிப்புக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். மகன்கள் பிராண்டன், ஜோர்டான் இருவரோடும் சேர்ந்து பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஹாக்கிப் பள்ளி நடத்தினார். அந்த ஜோர்டான் என்.எச்.எல். உச்சக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை மூன்று முறை வென்ற அணிகளில் இருந்தவர். லீக் தராத விசிலை நோலன் தன் மக்கள் நடுவில் ஊதினார்.

சரி, கனடாவில் ஒருவர். தமிழ்நாட்டில்?

சாந்தி சௌந்தரராஜன் என்ற பெயர் உங்களுக்குத் தெரியும். பதக்கத்தோடு அந்தப் பெயரை மறந்தும் போயிருப்பீர்கள். 1981-இல் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த தலித் பெண். 2005 ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே ஓட்டத்தில் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி. சில நாட்களில் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஊக்க மருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். அந்த உடம்பின் விவரத்தைத் தொலைக்காட்சிச் செய்தியாக்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு 2009-இல் இதே சிக்கல் வந்தபோது அவர் நாட்டு அரசு அவர் பக்கம் நின்றது. சாந்திக்காக இந்திய விளையாட்டு அமைப்புகள் அப்படி நிற்கவில்லை. அன்றைய முதல்வர் கலைஞர் மட்டும் பதக்கம் பறிபோன பிறகும் 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நாங்கள் எழுத வருவது அதற்குப் பிறகு உள்ளதை. சாந்தி பயிற்சியாளர் ஆனார். புதுக்கோட்டையில் ஒப்பந்த அடிப்படையில் வேலை. 2009 வாக்கில் 60 பிள்ளைகளுக்கு மேல் அவரிடம் ஓடிப் பழகினார்கள். சென்னை மராத்தானில் அவருடைய பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். பரிசுப் பணத்தையும் அவர்களுக்குத்தான் செலவழித்தார். ஒப்பந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் நடக்காது. 2012-இல் செய்தியாளர்கள் அவரைக் கண்டது செங்கல் சூளையில். நாள் கூலி 200 ரூபாய். ஆசிய அளவில் ஓடியவர், பயிற்சியாளராக நிரூபித்தவர், அப்பா அம்மா மண் சுமந்த அதே சூளையில் மண் சுமந்தார்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் பெரிது என்பது எங்கள் எண்ணம். பெங்களூரு போய்ப் பயிற்சியாளருக்கான பட்டயப் படிப்பைப் படித்து முடித்தார். சான்றிதழோடு வந்த பிறகும் தற்காலிக வேலைதான். மதுரையைச் சேர்ந்த கோபி ஷங்கர் போன்றவர்கள் கூட நின்று போராட, 2016-இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார். தோஹா ஓட்டம் முடிந்து 10 வருடம். வேலை கிடைத்த பிறகும் அமைதி கிடைக்கவில்லை. சாதியையும் பாலினத்தையும் சொல்லி உடன் வேலை பார்ப்பவர் இழிவு செய்வதாக அவரே புகார் கொடுக்க வேண்டி வந்தது.

நோலனுக்கு 9 வருடம், சாந்திக்கு 10 வருடம். இருவரும் ஆடியபோது உலகம் தாங்கிக்கொண்டது. இருவரும் விசிலை எடுத்தபோது, இந்த ஆள் நம்பத் தகுந்தவரா என்று கேட்டது. நோலனுக்கு ஒரு வருட ஒப்பந்தம். சாந்திக்கு ஒப்பந்தக் கூலி. நிரந்தரம் என்ற சொல் மட்டும் வரவில்லை. கொடுத்தாலும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி கொடுப்பது ஒரு பழைய தந்திரம். நிலத்தைக் குத்தகைக்கு விடலாம், பட்டா தரக் கூடாது என்கிற அதே தந்திரம். இந்தப் பள்ளத்தாக்கில் அதை நாம் நன்றாக அறிவோம்.

ஹாக்கியிலேயே இன்னொரு உதாரணம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண் வந்தனா கட்டாரியா. அரையிறுதியில் அணி தோற்ற அன்று, ஹரித்துவார் பக்கத்தில் அவர் வீட்டின் முன்னால் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டார்கள், அதனால்தான் தோல்வி என்றார்கள். ஆட்டக்காரருக்கே இந்தக் கதி. ஒரு தலித் பயிற்சியாளரின் கீழ் அணி தோற்றால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மற்றவர்கள் தோற்றால் அது ஒரு ஆட்டத்தின் தோல்வி. நம்மவர் தோற்றால் ஒரு சாதியின் தோல்வி.

திரும்ப நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. நல்ல பரிந்துரைதான். ஆனால் கயிறு கையில் மட்டுமா இருக்கிறது? பள்ளியில் பிள்ளைகள் சாதி மறந்து வியர்வையோடு வியர்வை கலக்கிற ஒரே இடம் மைதானம். அந்த மைதானத்தை நடத்துகிறவர் உடற்கல்வி ஆசிரியர். அவர் நினைத்தால் கயிறு அவிழும், அவர் நினைத்தால் இறுகும். நல்லவர்கள் பலரை நாங்கள் அறிவோம். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே தண்ணீர்ப் பானையில் குடிக்க வைத்த ஆசிரியர்கள் இந்த ஊரில் உண்டு. ஆனால் ஒரு பிள்ளையின் எதிர்காலம் வாத்தியாரின் நல்ல மனசை நம்பித் தொங்கக் கூடாது.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். தமிழ்நாட்டில் அரசுப் பயிற்சியாளர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், விளையாட்டு விடுதி மேலாளர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியலினத்தவர், பழங்குடியினர் எத்தனை பேர், நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை? இந்தக் கணக்கை அரசு வெளியிட வேண்டும். ஒப்பந்த நியமனம் என்ற பெயரில் இடஒதுக்கீட்டைத் தாண்டிப் போவதை நிறுத்த வேண்டும். அடிபட்டு ஆட்டத்தை நிறுத்துகிற ஏழை வீரர்களைப் பயிற்சியாளர் பட்டயப் படிப்புக்கு அரசு செலவில் அனுப்ப வேண்டும். முழங்கால் போனவனுக்கும் விளையாட்டைப் பற்றிய அறிவு போய்விடுவதில்லை. அணித் தேர்வில் யாரைச் சேர்த்தார்கள், யாரை ஏன் விட்டார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. கோப்பை வாங்கிய பையனுக்குத் தெருவில் பேனர் கட்டுகிறோம். அவன் அடிபட்டுத் திரும்பி வந்தால் கண்டுகொள்வதில்லை. அவனிடம் நம் பிள்ளைகளை அனுப்பி, அண்ணன் சொல்வதைக் கேள் என்று சொல்வதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. நோலன் தன் ரிசர்வில் செய்ததும் சாந்தி புதுக்கோட்டையில் செய்ததும் அதைத்தான்.

அந்தப் பையனிடம் இந்த இரண்டு பேரின் கதையையும் சொன்னோம். முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, "அந்தப் படிப்புக்கு என்ன மார்க் வேணும்ணே?" என்றான். விசாரித்துச் சொல்கிறோம் என்றோம். விசாரித்துக்கொண்டிருக்கிறோம். நம் முழங்கால் அண்ணனும் இப்போது எங்கள் தெருப் பிள்ளைகளை வைத்து அதே வயலில் மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார். ஊர்த் தெருவிலிருந்து இரண்டு பையன்கள், வீட்டுக்குத் தெரியாமல், வந்து போகிறார்கள். பிந்தி வந்தால் அவர்களையும் அவர் இரண்டு சுற்று ஓடத்தான் சொல்கிறார்.